பேக்கப் சர்வரில் மவுண்ட் குழப்பங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் இரண்டு ஸ்டோரேஜ் சர்வர். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு இரவுதோறும் இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளையும் நிர்வகிக்கும் ஃபைல்சிஸ்டம்) ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் உறைந்த நிலை) போகிறது. இதை அமைப்பது ஒரு மாலைப்பொழுது வேலைதான். ஆனால் புதிதாக இறங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வழக்கமாக டிஸ்க்கோ நெட்வொர்க்கோ இல்லை, மவுண்ட்தான், அதாவது ஒரு ஃபைல்சிஸ்டத்தை ஒரு டைரக்டரியில் ஏற்றிவைப்பது. ரெய்ட் பேக்கப் ஆகாது, ஸ்னாப்ஷாட் எடுக்க மறக்காதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இங்கே மற்றவை மட்டும்.

மவுண்ட்பாயின்ட்டையும் சேர்த்து அனுப்பிவிடுவது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். வருடக்கணக்கில் இதே கதையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அனுப்புவது மூல சர்வரின் சென்ட் கட்டளை, வாங்குவது பேக்கப் சர்வரின் ரிசீவ் கட்டளை. சென்ட்டுக்குப் பெரிய ஆர் கொடுத்தால் உள்ளேயிருக்கும் எல்லா டேட்டாசெட்டும் (பூல் எனப்படும் டிஸ்க் தொகுப்புக்குள் தனித்தனியாக மவுண்ட் ஆகும் ஃபைல்சிஸ்டம்) ஸ்னாப்ஷாட்டும் போகும். கூடவே ப்ராபர்ட்டிகளும் போகும். சின்ன பி கொடுத்தாலும் ப்ராபர்ட்டிகள் போகும். அவற்றில் ஒன்று மவுண்ட்பாயின்ட், எந்த டைரக்டரியில் ஏற வேண்டும் என்பது. மூல சர்வரில் ஒரு டேட்டாசெட்டுக்கு /ஹோம் என்று வைத்திருந்தால், பேக்கப் சர்வரில் இறங்கும் நகலும் அதே /ஹோமில்தான் ஏறப்பார்க்கும். அங்கே ஏற்கெனவே அந்த சர்வரின் சொந்த /ஹோம் இருக்கிறது.

பழைய பதிப்புகள் லினக்ஸில் 'டைரக்டரி காலியாக இல்லை' என்று சொல்லி மறுத்துவிடும். இப்போதைய ஓபன்இசட்எஃப்எஸ்-இல் ஓவர்லே ப்ராபர்ட்டி இயல்பாகவே ஆனில் இருக்கிறது. அதனால் பாய்க்கு மேல் பாய் விரித்ததுபோல, கீழே இருப்பதை மூடிவிட்டுப் புதியது மேலே வந்துவிடும். கீழே உள்ள கோப்புகள் அழியவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில், ரிசீவ் கட்டளையில் சின்ன யூ போடுங்கள் என்பது. வந்ததை மவுண்ட் செய்யாதே என்று அதற்குப் பொருள். போடத்தான் வேண்டும். ஆனால் அது அந்த ஒரு ரிசீவுக்கு மட்டும்தான் செல்லும், டேட்டாசெட்டில் எதையும் மாற்றாது. கேன்மவுண்ட் (தானாக மவுண்ட் ஆகலாமா என்று சொல்லும் ப்ராபர்ட்டி) ஆன் என்றும் மவுண்ட்பாயின்ட் /ஹோம் என்றும் அப்படியே எழுதப்பட்டிருக்கும். சர்வர் மறுபடி எழும்போது சிஸ்டம்டி (பூட்டில் சர்வீஸ்களைத் தொடங்குவது) ஓடவிடும் 'மவுண்ட் -ஏ' இருப்பதையெல்லாம் ஏற்றிவிடும்.

விஷயம் வெடிப்பது அப்போதுதான். பேக்கப் சர்வரை யாரும் அடிக்கடி ரீபூட் செய்வதில்லை. சில மாதம் கழித்துக் கெர்னல் அப்டேட் வருகிறது, ரீபூட் ஆகிறது, எஸ்எஸ்எச் உள்ளே விடவில்லை. /ஹோமில் இப்போது இருப்பது மூல சர்வரின் பயனர்கள். அனுமதித்த சாவிப் பட்டியல் வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் யூஐடி (பயனர் எண்) வேறாக இருந்தால் உரிமையாளர் பொருந்தவில்லை என்று எஸ்எஸ்எச் அந்தப் பட்டியலை ஏற்காது. ஆள் கெர்னலைச் சந்தேகிப்பார். பழைய கெர்னலுக்குப் போவார், அப்போதும் அதே கதை. மாதக்கணக்கில் பிழையில்லாமல் ஓடிய ரெப்ளிகேஷன் (இந்த இரவுநேர நகலெடுப்பு) மீது யாருக்கும் சந்தேகம் வராது. கடைசியில் மானிட்டரும் கீபோர்டும் செருகி, வெறும் 'இசட்எஃப்எஸ் மவுண்ட்' என்று அடித்துப் பார்த்தால் /ஹோமில் பேக்கப் பூலின் டேட்டாசெட் உட்கார்ந்திருக்கும். மூடப்பட்டது /வர் என்றால் இன்னும் மோசம். சர்வீஸ்கள் தங்கள் லாகையும் டேட்டாபேஸையும் நகலுக்குள்ளேயே எழுத ஆரம்பித்துவிடும்.

அடுத்ததாக, வந்து சேர்ந்த ஒவ்வொரு டேட்டாசெட்டுக்கும் கையால் கேன்மவுண்ட் நோஆட்டோ (தானாக ஏறாதே) என்று போடுவார்கள். இது வேலை செய்யும். இங்கே கையால் வைத்த மதிப்பு, அனுப்பப்பட்டு வந்த மதிப்பைவிட மேலானது. அடுத்த ரிசீவ் அதைக் கெடுக்காது. ஆனால் கேன்மவுண்ட் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்காத ப்ராபர்ட்டி. மேலே ஒரு இடத்தில் போட்டால் போதும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எல்லாவற்றிலும் போட்டுவிட்டாலும், அடுத்த மாதம் மூல சர்வரில் புதிதாக ஒரு டேட்டாசெட் உருவாக்கினால் அது தன் மவுண்ட்பாயின்ட்டோடு, கேன்மவுண்ட் ஆனோடு வந்து இறங்கும்.

சரியான வழி இது. பேக்கப் பூலில் நகல்களுக்கென்று ஒரு தாய் டேட்டாசெட் உருவாக்குங்கள். அதில் மவுண்ட்பாயின்ட் 'நன்' (எங்கும் ஏறாதே), ரீட்ஒன்லி ஆன். பிறகு ரிசீவை எப்போதும் 'இசட்எஃப்எஸ் ரிசீவ் -யூ -எக்ஸ் மவுண்ட்பாயின்ட்' என்றே ஓடவிடுங்கள். சின்ன எக்ஸ், வரும் ஸ்ட்ரீமிலுள்ள மவுண்ட்பாயின்ட்டைக் கண்டுகொள்ளாதே என்கிறது. அதனால் பிள்ளைகள் தாயிடமிருந்து நன் என்பதையே வாங்கிக்கொள்ளும். புதிதாக வருவதும் அப்படியே.

முடித்ததும் 'கெட் -ஆர் மவுண்ட்பாயின்ட்' (இது சின்ன ஆர்) போட்டு, மதிப்பைவிட முக்கியமாகக் கடைசி சோர்ஸ் பத்தியைப் பாருங்கள். தாய்க்குக் கீழே உள்ள எல்லா டேட்டாசெட் வரியிலும் 'இன்ஹெரிட்டட்' என்று இருக்க வேண்டும். எங்காவது 'ரிசீவ்ட்' என்று கண்டால் அது பழைய ரிசீவில் புகுந்தது. அந்த டேட்டாசெட்டுக்கு 'இன்ஹெரிட் மவுண்ட்பாயின்ட்' கொடுங்கள். அதில் பெரிய எஸ் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் எது வேண்டாம் என்கிறோமோ அந்த மதிப்புக்கே திரும்பும்.

பெரிய எஃப்-ஐ ஸ்கிரிப்டிலேயே எழுதிவைப்பது

'கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு இலக்கு மாற்றப்பட்டிருக்கிறது' என்று ரிசீவ் மறுத்ததும் எல்லோரும் தேடிப்பிடிப்பது ரிசீவின் பெரிய எஃப் சுவிட்சைத்தான். நகல் மவுண்ட் ஆகி, ஏடைம் (கோப்பைக் கடைசியாகப் படித்த நேரத்தைக் குறிப்பது) ஆனில் இருந்தால், ஒரு கோப்பைத் திறந்து படித்தாலே இலக்கு மாறிவிடும். மருந்து ரீட்ஒன்லி ஆன். அது கோப்பு எழுதுவதைத்தான் தடுக்கும், ரிசீவைத் தடுக்காது.

பெரிய எஃப் பின்னால் வந்த மாற்றங்களை உருட்டித் தள்ளுவதோடு நிற்பதில்லை. பெரிய ஆர் கொண்ட இன்க்ரிமென்டல் (மாற்றங்களை மட்டும் அனுப்பும்) ஸ்ட்ரீமோடு சேர்ந்தால், மூலத்தில் இல்லாத ஸ்னாப்ஷாட்டுகளையும் டேட்டாசெட்டுகளையும் இலக்கில் அழித்துவிடும். மூலத்தில் தவறுதலாக ஒரு பிள்ளை டேட்டாசெட்டை அழித்தால், அன்று இரவே அதன் பேக்கப்பும் போய்விடும். தேவைப்படும்போது கையால், வாசித்துப் பார்த்து அடிக்க வேண்டிய சுவிட்ச் அது.

ரூட் அல்லாத பயனரிடம் மவுண்ட்டை எதிர்பார்ப்பது

ரிசீவுக்கென்று தனிப் பயனர் வைத்திருப்பது நல்ல பழக்கம். அவருக்கு 'அலவ்' (உரிமை கொடுக்கும் கட்டளை) மூலம் ரிசீவ், கிரியேட், மவுண்ட் உரிமைகள் கொடுக்க வேண்டும். ஆனால் லினக்ஸில் உண்மையான மவுண்ட்டை ரூட்தான் செய்ய முடியும். சின்ன யூ இல்லாவிட்டால் டேட்டா முழுதாக வந்த பிறகும் மவுண்ட் தோற்று, ஸ்கிரிப்ட் தோல்வி என்று மெயில் அனுப்பும். கொஞ்ச நாளில் நிஜத் தோல்வி மெயிலையும் யாரும் திறக்கமாட்டார்கள்.

மவுண்ட் ஆனதா என்று பாராமல் ஆர்சிங்க் ஓடவிடுவது

ஆர்சிங்க் ஒரு டைரக்டரியை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் கருவி. இலக்கு மவுண்ட் ஆகவில்லை என்றால் நகல் முழுக்க ரூட் டிஸ்கில் கொட்டி, டிஸ்க் நிரம்பி சர்வர் முடங்கும். மூலம் மவுண்ட் ஆகாமல், கட்டளையில் டிலீட் சுவிட்சும் இருந்தால், காலி டைரக்டரியைப் பார்த்து ஆர்சிங்க் பேக்கப்பையும் காலியாக்கும். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே 'மவுண்ட்பாயின்ட் -க்யூ' வைத்து இரண்டு பக்கமும் சோதியுங்கள், இல்லையென்றால் வெளியேறட்டும். மவுண்ட் ஆகாத நிலையில் இலக்கின் காலி டைரக்டரிக்கு 'சிஎச்அட்டர் +ஐ' போட்டுவிட்டால் ரூட்டால்கூட அதற்குள் எழுத முடியாது. மேலே மவுண்ட் செய்வதற்கு அது தடையில்லை.

எஃப்எஸ்டேபில் எஸ்டிபி, எஸ்டிசி என்று எழுதுவது

எஃப்எஸ்டேப் என்பது பூட்டில் எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் கோப்பு. டிஸ்க் பெயருக்குப் பதில் யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தின் மாறாத அடையாள எண்) எழுதுங்கள்.

நகலைச் சோதிக்க நகலையே மவுண்ட் செய்வது

ஸ்னாப்ஷாட்டிலிருந்து க்ளோன் (அதன்மேல் எழும் தனி டேட்டாசெட்) எடுத்து, அதற்கு மட்டும் ஒரு மவுண்ட்பாயின்ட் கொடுத்துப் பாருங்கள். பார்த்ததும் அழித்துவிடுங்கள். க்ளோன் இருக்கும்வரை அந்த ஸ்னாப்ஷாட்டை அழிக்க முடியாது.

பேக்கப் பூலை வேறு சர்வரில் சும்மா இம்போர்ட் செய்வது

ரூட்டே இசட்எஃப்எஸ்-இல் இருக்கும் சர்வரின் நகல் என்றால் அதன் மவுண்ட்பாயின்ட் வெறும் சாய்கோடு. பழைய ரிசீவ்களில் அது அப்படியே வந்திருக்கலாம். 'இம்போர்ட் -என்' என்று பெரிய என் கொடுத்தால் எதுவும் மவுண்ட் ஆகாது. பெரிய ஆர்-உம் ஒரு காலி டைரக்டரியும் கொடுத்தால், பிறகு மவுண்ட் செய்வதெல்லாம் அந்த டைரக்டரிக்குக் கீழேயே நிற்கும். இரண்டையும் சேர்த்தே அடியுங்கள்.

குறியாக்கம் செய்ததைச் சின்ன டபிள்யூ போட்டு அப்படியே அனுப்பியிருந்தால், சாவியை ஏற்றும்வரை மவுண்ட் ஆகாது. அதன் கீலொகேஷன் (சாவி இருக்கும் இடம்) மூல சர்வரிலுள்ள ஒரு கோப்பைச் சுட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கோப்பின் பிரதி இரண்டு சர்வருக்கும் வெளியே ஒரு இடத்தில் இருக்க வேண்டும். மூல சர்வர் எரிந்துபோன அன்று அது இல்லாமல் இந்தப் பூலிலிருந்து ஒரு கோப்புகூட வெளியே வராது.