முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள்

அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று நாங்கள் செய்த முதல் வேலையே தப்பு. கால் வலிக்குமே என்று முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகினோம். "இப்பத்தான் சுகமா இருக்கு" என்று அம்மா கண்ணை மூடினாள். மூன்றாம் நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் பேச்சைத் தொடங்கும் முன்பே அதை உருவிப் போட்டார்.

சுகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வீங்கிய மூட்டு, கொஞ்சம் மடங்கியிருக்கும்போதுதான் இறுக்கம் குறைந்து கிடக்கும். அதை அப்படியே பழக்கிவிட்டால் முட்டியின் பின்பக்கம் இறுகி, கால் முழுதாக நீட்ட வராது. நீளாத காலோடு நடப்பவர் ஒவ்வோர் அடிக்கும் தொடைத் தசையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தெருமுனை போவதற்குள் ஓய்ந்துவிடுவார். தலையணை வைத்தே ஆக வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தன் எடையிலேயே மெல்ல நீளும். வலிக்கும்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "90 டிகிரி மடங்குதா?" என்றுதான் கேட்கிறார்கள். நீளுதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

அடுத்தது மாத்திரைக் கஞ்சத்தனம். "எத்தனை மாத்திரைதான் முழுங்குறது" என்று வலி மாத்திரையை மிச்சம் பிடித்துவிட்டு, வலிக்குதே என்று பயிற்சியையும் விட்டுவிடுவார்கள். டாக்டர் எழுதித் தந்ததைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால் இரண்டும் நடக்கும். அதற்காக ஒரே நாளில் வீராப்புக் காட்டவும் வேண்டாம். மறுநாள் காலையிலும் வீக்கமும் வலியும் கூடுதலாக இருந்தால், முந்தைய நாள் அதிகம் செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

பாசத்தால் செய்யும் தப்புதான் பெரிது. "நீ உக்காரும்மா, நான் எடுத்துத் தரேன்" என்று தண்ணீர், பேப்பர், ரிமோட் எல்லாவற்றையும் கைக்குக் கொடுத்தோம். அப்புறம் எதற்கு எழுந்திருப்பாள்? வாக்கர் பிடித்த கையில் டம்ளரைப் பிடிக்க முடியாது என்பதும் ஒரு சாக்கு. வாக்கரின் முன்கம்பியில் ஒரு மஞ்சப்பையைக் கட்டினோம். அதில் சின்ன ஃபிளாஸ்க், கண்ணாடிக் கூடு, செல்போன். அன்று மாலை அம்மா தன் காபியைத் தானே கூடத்துக்குக் கொண்டுவந்தாள். எழும்போது மட்டும் வாக்கரைப் பிடித்து இழுக்கக் கூடாது, அது கவிழ்ந்துவிடும். நாற்காலியின் கையை அழுத்தி எழுந்த பிறகுதான் வாக்கர்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது பலரும் ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையிலேயே பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் அந்தக் காலின் பாரம் குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

தையல் ஆறாத காலில் தைலம் தேய்ப்பது, சூடு தவிட்டு ஒத்தடம் கொடுப்பது இரண்டும் வேண்டாம், எந்தப் பெரியம்மா சொன்னாலும் சரி. முதல் வாரங்களில் துணியில் சுற்றிய ஐஸ்தான், ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருப்பது சகஜம், அதற்குப் பதற வேண்டாம்.

பதற வேண்டியது வேறு. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே 108. ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை "நல்லாத்தானே இருக்கேன்" என்று பாதியில் நிறுத்துவது இதற்குத்தான் வழி விடும். காயத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்டுங்கள்.