தண்ணி போதுமா, எலக்ட்ரோலைட் வேணுமா? பெண்களுக்கு ஒரு நடைமுறை கைடு

தண்ணி குடி தண்ணி குடின்னு எல்லாரும் சொல்லிட்டே இருந்தாங்க, இப்ப அதோட எலக்ட்ரோலைட் பவுடரும் சேர்ந்துக்கிச்சு, காலைல ஒரு பாக்கெட்டை கலக்கி குடிச்சாத்தான் அன்னிக்கு பொழுது ஓடும்ங்கற மாதிரி வீடியோ போடறாங்க. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். உடம்பு நல்லா இருந்து, மூணு வேளை ஒழுங்கா சாப்பிடற பொண்ணுக்கு சாதாரண நாள்ல தண்ணியும் சாப்பாடும் போதும். ஆனா உப்பு நிஜமாவே உடம்பை விட்டு போற நாளுங்க சிலது வரும், அன்னிக்கு வெறும் தண்ணியா குடிச்சிட்டே இருந்தா சோர்வு போகாது, சில சமயம் இன்னும் மோசமாகலாம். இந்த ரெண்டு மாதிரி நாளையும் பிரிச்சுப் பாக்கத்தான் இந்த கைடு.

எலக்ட்ரோலைட்னா வேற ஒண்ணும் இல்ல, சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கால்சியம், மெக்னீசியம் மாதிரி தண்ணில கரைஞ்சு மின்சாரத்தை கடத்தற சத்துங்க. சோடியம் பெரும்பாலும் செல்லுக்கு வெளிய இருக்கும், பொட்டாசியம் உள்ள இருக்கும், இந்த வித்தியாசத்தை வெச்சுதான் நரம்பு சிக்னல் அனுப்புது, தசை சுருங்குது, இதயம் துடிக்குது. தண்ணி எந்தப் பக்கம் போகணும்ங்கறதும் இதை வெச்சுதான். ரத்தத்துல சோடியம் லிட்டருக்கு 135லேருந்து 145 மில்லிமோல், பொட்டாசியம் சுமார் 3.5லேருந்து 5, இவ்ளோ சின்ன எல்லைக்குள்ள கிட்னி ராத்திரி பகலா புடிச்சு வெச்சிருக்கு. அதனாலதான் தேவையில்லாம குடிக்கற பாக்கெட்ல இருக்கற உப்புல பெரும்பகுதி யூரின்லயே போயிடுது.

முதல்ல தட்டுல என்ன இருக்குன்னு பாருங்க. சோடியம் பத்தாதுங்கறது பெரும்பாலானவங்களுக்கு பிரச்சனையே இல்ல, அதிகமா போறதுதான் பிரச்சனை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்கு கீழ வெச்சுக்க சொல்லுது, அதாவது 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூனை விட கொஞ்சம் கம்மி. பொட்டாசியம் அப்படியே தலைகீழ், 3510 மில்லிகிராமாவது வேணும்னு அதே நிறுவனம் சொல்லுது, நெறைய பேர் அந்த அளவை தொடறதே இல்ல. பொட்டாசியம்னாலே வாழைப்பழம்னு மனசுல பதிஞ்சு போச்சு, ஆனா நடுத்தர சைஸ் பழத்துல 400 மில்லிகிராம் சொச்சம்தான், தோலோட வெந்த ஒரு உருளைக்கிழங்கு அதை விட அதிகம் குடுக்கும், பீன்ஸ், பருப்பு, கீரை, தயிர், தக்காளி எல்லாத்துலயும் இருக்கு. மெக்னீசியம் பெண்களுக்கு 310லேருந்து 320 மில்லிகிராம், கொட்டை, விதை, முழு தானியம், கீரை சாப்பிட்டா கிடைச்சிடும். கால்சியம் 1000, 50 வயசு தாண்டினா 1200.

தண்ணி எவ்ளோங்கறதுக்கு எட்டு டம்ளர் கணக்கையெல்லாம் விட்டுடுங்க. ஐரோப்பிய உணவு பாதுகாப்பு அமைப்பு பெண்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 2 லிட்டர்னு சொல்லுது, அமெரிக்கால 2.7 லிட்டர்னு வெச்சிருக்காங்க, ரெண்டுலயுமே சாப்பாட்டுல இருக்கற தண்ணியும் காபி டீயும் சேர்த்திதான். வெயில், வேலை, உடம்பு சைஸ் இதை பொறுத்து மாறும், அதனால தாகத்தையும் யூரின் கலரையும் பாருங்க. வெளிர் மஞ்சளா இருந்தா சரி, அடர் மஞ்சள்னா குடிக்கணும், நாள் பூரா கண்ணாடி மாதிரி இருந்தா தேவைக்கு மேல குடிக்கறீங்க. பி வைட்டமின் மாத்திரை போட்டிருந்தா பளிச்சுனு மஞ்சளா வரும், அதை பாத்து பயப்பட வேணாம்.

இதுல பெண்களுக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது. பாத்ரூம் சரியா இல்லாத எடத்துல வேலை, நீண்ட பயணம், அடிக்கடி எழுந்து போனா யாராவது ஏதாவது சொல்வாங்கன்னு தயக்கம், இதுக்கெல்லாம் பயந்து தண்ணியையே குறைச்சிடறோம், அது யூரின் இன்ஃபெக்‌ஷன்ல போய் நிக்குது. 2018ல வெளியான ஒரு ஆய்வுல, அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வர, ஒரு நாளைக்கு 1.5 லிட்டருக்கும் கம்மியா குடிக்கற 140 பெண்களை எடுத்து, பாதி பேரை தினமும் 1.5 லிட்டர் தண்ணி கூடுதலா குடிக்க வெச்சாங்க. ஒரு வருஷத்துல அவங்களுக்கு சராசரியா 1.7 தடவை இன்ஃபெக்‌ஷன், எப்பவும் போல குடிச்சவங்களுக்கு 3.2 தடவை. குடிச்சது பவுடர் இல்ல, வெறும் தண்ணி. பாத்ரூம் கஷ்டம் இருக்கறவங்க, போக வசதி இருக்கற நேரமா பாத்து அதுக்கு முன்னாடி பின்னாடி பிரிச்சு பிரிச்சு குடிங்க, அடியோட நிறுத்திடாதீங்க.

மாதச் சுழற்சிக்கு வருவோம். கருமுட்டை வெளிவந்த பிறகு உடம்பு வெப்பம் 0.3லேருந்து 0.5 டிகிரி செல்சியஸ் ஏறும், புரோஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோன் கூடும், அது உப்பை புடிச்சு வெக்கற அல்டோஸ்டிரோன்ங்கற இன்னொரு ஹார்மோனோட வேலைய தடுக்கும், உடனே உடம்பு அல்டோஸ்டிரோனை இன்னும் அதிகமா சுரந்து ஈடு கட்டும். இதெல்லாம் தானா நடக்கற சமாச்சாரம், இதுக்குன்னு தனியா பவுடர் வேணாம். பீரியட்ஸுக்கு முன்னாடி வயிறு உப்பின மாதிரி இருக்கேன்னு தண்ணிய நிறுத்தறாங்க, அது தப்பு, பாக்கெட் ஸ்நாக்ஸ்ல வர உப்பை குறைங்க, தண்ணி எப்பவும் போல இருக்கட்டும். பீரியட்ஸ் ஆரம்பிச்ச முதல் ரெண்டு நாள் சிலருக்கு, கருப்பையை சுருங்க வெக்கற புரோஸ்டாகிளாண்டின்ங்கற பொருள் காரணமா லூஸ் மோஷன் ஆகும், அது அடிக்கடி போச்சுன்னா அன்னிக்கு ஓஆர்எஸ் (பேதிக்கு குடுக்கற உப்பு சர்க்கரை கரைசல்) குடிக்கலாம், அது நியாயமான தேவை.

ஆனா மாசாமாசம் ரத்தப்போக்கு அதிகமா இருந்து, படி ஏறினா மூச்சு வாங்குது, எப்பவும் அசதின்னா தயவுசெஞ்சு எலக்ட்ரோலைட் பாக்கெட்ல பதில் தேடாதீங்க. அது இரும்புச்சத்து குறைவா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். உலக அளவுல 15லேருந்து 49 வயசு பெண்கள்ல கிட்டத்தட்ட 30 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கு, கர்ப்பமா இல்லாதவங்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு கீழ போனாலே ரத்தசோகைதான். ஹீமோகுளோபினும், உடம்புல இரும்பு எவ்ளோ சேமிப்புல இருக்குன்னு காட்டற ஃபெரிட்டினும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. பவுடர் குடிச்சு நாளை கடத்தறதுல காசு போறதை விட, நெஜ காரணம் மறைஞ்சு போறதுதான் எனக்கு கவலையா இருக்கு.

கர்ப்பமா இருக்கறப்ப ரத்தத்துல சோடியம் இயல்பாவே லிட்டருக்கு 4, 5 மில்லிமோல் இறங்கும், ரிப்போர்ட்ல கொஞ்சம் கம்மியா காட்டினா நீங்களா உப்பை கூட்டிடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. வாந்தி இருந்தா ஒரே மூச்சுல குடிக்காம வாய் வாயா குடிங்க. 24 மணி நேரமா எதுவுமே உள்ள தங்கல, யூரின் அடர் கலரா கொஞ்சமா வருதுன்னா ஆஸ்பத்திரிதான், வீட்டு வைத்தியம் வேணாம். 20 வாரத்துக்கு மேல முகம் கை திடீர்னு வீங்கி, தலைவலி, கண்ணு மங்கல் வந்தா அது கர்ப்பகால ரத்த அழுத்தப் பிரச்சனையா இருக்கலாம், அன்னிக்கே போகணும். பால் குடுக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 700 மில்லி கூடுதலா வேணும், ஒவ்வொரு தடவை பால் குடுக்கறப்பவும் பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வெச்சுக்கிட்டா தானா சரியாயிடும். மெனோபாஸ் நேரத்துல ராத்திரி வேர்த்து எழுந்திருக்கறவங்களும் தண்ணி பக்கத்துல வெச்சுக்கங்க. வயசு ஏற ஏற தாகம் எடுக்கறதே குறையும், அதனால அம்மா பாட்டிக்கெல்லாம் தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காம நீங்களே எடுத்துக் குடுங்க.

எக்ஸர்சைஸ் ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா தண்ணி போதும். அதுக்கு மேல நல்லா வேர்த்து கொட்டுது, வெயில்ல வேலை, துணில வெள்ளையா உப்பு படியுதுன்னா உப்பும் சேரணும். ஒரு லிட்டர் வியர்வைல சோடியம் அரை கிராமுக்கும் இருக்கலாம், ரெண்டு கிராமை நெருங்கவும் செய்யலாம், ஆளுக்கு ஆள் அவ்ளோ வித்தியாசம். எவ்ளோ போகுதுன்னு தெரிஞ்சுக்க எளிய வழி, முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, நடுவுல குடிச்சதையும் கூட்டிக்கங்க. எடை ஏறியிருந்தா தேவைக்கு மேல குடிச்சிருக்கீங்க, அது சும்மா விடற விஷயம் இல்ல. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடின 488 பேர் ரத்தத்தை சோதிச்சதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் 135 அல்லது அதுக்கும் கீழ இருந்துச்சு, ஓடி முடிச்சப்ப எடை ஏறினவங்களுக்குத்தான் அது அதிகம், ஆண்களை விட பெண்கள்கிட்ட கூடுதலாவும் இருந்துச்சு. சோடியம் இறங்கினா தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், தண்ணி பத்தாதப்பவும் கிட்டத்தட்ட இதேதான் வரும், அதனால ஆளு மேல மேல தண்ணி குடிச்சு நிலைமை மோசமாயிடுது.

ஓஆர்எஸ் யாருக்குன்னா பேதி, வாந்தி, பயங்கர வியர்வைன்னு நெஜமாவே இழந்தவங்களுக்கு. சர்க்கரை எதுக்குன்னு கேப்பாங்க, குடல்ல குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசல் வழியா சேர்ந்து உள்ள போகும், தண்ணி பின்னாடியே வரும், அதனால பேதிக்கு சுகர் ஃப்ரீ பாக்கெட் சரிப்படாது. பாக்கெட்ல எவ்ளோ தண்ணின்னு போட்டிருக்கோ அவ்ளோலதான் கலக்கணும், பாதி பாக்கெட் ஒரு டம்ளர்ல போடற வேலையெல்லாம் வேணாம், 24 மணி நேரம் ஆச்சுன்னா கொட்டிட்டு புதுசா கலக்குங்க. பாக்கெட் கிடைக்கலன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு, குடிச்சுப் பாத்தா கண்ணீரை விட உப்பா இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவன ஃபார்முலால கலந்த ஒரு லிட்டர்ல சோடியம் 1700 மில்லிகிராம் சொச்சம் வரும், ஒரு நாள் அளவுல முக்கால்வாசிக்கும் மேல அதுலயே போச்சு, இதைப் போய் தினமும் ஜூஸ் மாதிரி குடிச்சா பிபி என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க.

கடைல பவுடர் வாங்கறப்ப முன்பக்க படத்தை விட்டுட்டு பின்னாடி லேபிளை பாருங்க, சோடியம் மில்லிகிராமை 2.5ஆல பெருக்கினா உப்பு எவ்ளோன்னு தெரிஞ்சிடும், சர்க்கரையையும் பாருங்க.

மாத்திரை போடறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால பீரியட்ஸ் தள்ளிப் போற பிரச்சனை), முகப்பருவுக்கு குடுக்கற ஸ்பைரோனோலாக்டோன், ட்ரோஸ்பைரெனோன் இருக்கற கருத்தடை மாத்திரை, சில பிபி மாத்திரைங்க பொட்டாசியத்தை ஏத்தும். அதோட பொட்டாசியம் பவுடரோ, பொட்டாசியம் குளோரைடு கலந்த லோ சோடியம் உப்போ சேர்ந்தா இதயத் துடிப்பு வரைக்கும் போய் பாதிக்கலாம், கிட்னி பிரச்சனை இருந்தா ரொம்பவே ஆபத்து. தயசைடு வகை பிபி மாத்திரை வயசான பெண்களுக்கு சோடியத்தை இறக்கிடும், எடை குறைக்க பேதி மாத்திரை போடறவங்களுக்கு பொட்டாசியம் இறங்கும். மெக்னீசியம் மாத்திரை 350 மில்லிகிராமுக்கு மேல டாக்டர் சொல்லாம போடாதீங்க, வயித்தால போகும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடுங்க.

பேச்சு குழறுது, குழப்பமா இருக்கு, வலிப்பு, மயக்கம், நெஞ்சு படபடப்பு நிக்கல, தசை பலமே இல்லன்னா உடனே எமர்ஜென்சிக்கு போங்க. அவ்ளோ இல்ல, ஆனா சோர்வும் கால் பிடிப்பும் வாரக்கணக்கா இருக்குன்னா டாக்டர்கிட்ட சீரம் எலக்ட்ரோலைட்ங்கற ரத்த டெஸ்ட் கேளுங்க, அதுல சோடியம், பொட்டாசியம், குளோரைடு வரும், மெக்னீசியம் பெரும்பாலும் வராது, அதை தனியா எழுதச் சொல்லணும். பொட்டாசியம் மாத்திரை போட்டும் ஏறவே மாட்டேங்குதுன்னா அடியில மெக்னீசியம் குறைவா இருக்கலாம், அதையும் பாக்கச் சொல்லி நீங்களே கேளுங்க.