நேட்டாலில் வேலைத்தலத்தில் இறந்த முன்னோரை ஆவணங்களில் தேடுவது எப்படி?

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலின் (இன்று தென்னாப்பிரிக்காவின் குவாஸுலு-நேட்டால் மாகாணம்) டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அது முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸில் கப்பலேறியவர்கள். கரும்பாலை உருளையில் கை சிக்கியும், நிலக்கரிச் சுரங்கத்தில் மேற்கூரை சரிந்தும், ரயில் பாதை வேலையில் வண்டி ஏறியும் இறந்தவர்களைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் "மில்லில் செத்தாராம்" என்ற ஒற்றை வரிதான். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டின் மரண விசாரணைக் கோப்பு வரை போகலாம். அதற்குப் பெயரை நம்பி இறங்காதீர்கள். முதலில் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

நேட்டாலில் ஒப்பந்தக் கூலியாக இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. சம்பளம், கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு என அரசாங்கம் எழுதிய எல்லாவற்றிலும் அந்த எண் பின்தொடரும். வீட்டிலுள்ள பழைய பிறப்பு, திருமணச் சான்றுகள், ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுவிப்புச் சீட்டு, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்களிடம் வாங்கிய 3 பவுன் வரியின் ரசீது ஆகியவற்றைப் பாருங்கள். இறந்தவருடைய தாள் இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் சான்றில் தகப்பன் எண் இருக்கக்கூடும். எதுவுமே இல்லையென்றால் கப்பல் பட்டியல்தான் கதி. மூலப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அவற்றைக் கணினிப்படுத்தியிருக்கிறது.

பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும். எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி மூன்சாமி ஆவார், பெருமாள் பெருமல் ஆவார். முனுசாமிகளும் வீரசாமிகளும் நூற்றுக்கணக்கில் வருவார்கள். ஆகவே தகப்பன் பெயர், கிராமம், வயது இம்மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் எந்த எண்ணையும் உங்கள் முன்னோருடையது என்று முடிவு கட்டாதீர்கள். குடும்பமாகப் போனவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள் இருக்கும். முன்னும் பின்னும் ஐந்தாறு வரிகளைச் சேர்த்தே நகலெடுங்கள்.

ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சித்தூர் தனி மாவட்டமானது 1911இல். அதற்கு முந்தைய பட்டியலில் 'வட ஆற்காடு' என்றிருந்தால் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். ராமநாதபுரம் தனியானது 1910இல். அதற்கு முன்பு அந்தப் பக்கத்து ஊர்கள் பல மதுரை ஜில்லாவின் கீழ் வரும்.

அடுத்தது இறந்த தேதி. கப்பல் வந்த நாளோடு ஐந்தாண்டைக் கூட்டினால் பெரும்பாலும் முதல் ஒப்பந்தம் முடியும் காலம் தெரியும். அதற்குள் இறந்தவரைத் தேட வேண்டிய இடம் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் (ஒப்பந்தக் கூலிகளின் விவகாரங்களைக் கவனித்த அரசு அதிகாரி) அலுவலகப் பதிவுகள். அந்தப் பதவியே 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான் வந்தது. 1860க்கும் 1866க்கும் இடையில் போய், பாதுகாவலர் வருவதற்கு முன்பே இறந்தவர் என்றால் காலனிச் செயலர் அலுவலகக் கடிதங்களையும் கூலி ஏஜென்ட் ஆவணங்களையும் புரட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக வேலை செய்தவர்களுக்குப் பொதுவான இறப்புப் பதிவுகளையும் பார்க்க வேண்டும்.

பலர் வழி தவறுவது இறப்புப் பதிவில்தான். பதிவில் இருப்பது மருத்துவக் காரணம் மட்டுமே. விபத்து என்ற சொல்லே இல்லாமல் போகலாம். ஆலையில் விரல் நசுங்கி, புண் புரையோடி, மூன்று வாரம் கழித்து இறந்தவருக்கு எதிரே 'ரண ஜன்னி' (டெட்டனஸ்) என்று மட்டும் இருக்கும். இறந்த இடமாகத் தோட்டத்தின் பெயர் இருக்காது, ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வட்டங்களும் அவற்றுக்குரிய ஆஸ்பத்திரிகளும் இருந்தன. அடிபட்டவரை அங்கே தூக்கிப்போனார்கள். எனவே ரண ஜன்னி, தீக்காயம், வெந்நீர்க் காயம், மண்டை உடைவு, அதிர்ச்சி என்று எது எழுதியிருந்தாலும் விபத்தாக இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு, இறந்த நாளுக்கு முந்தைய இரண்டு மாதங்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

மரண விசாரணைக் கோப்பு மாஜிஸ்திரேட் ஆவணங்களில் இருக்கும். எந்த மாஜிஸ்திரேட் என்பதை வேலை செய்த இடம் சொல்லும்: வெருலம் பக்கம் என்றால் இனாண்டா, ஸ்டேஞ்சர் என்றால் லோயர் டுகேலா, உம்ஸின்டோ என்றால் அலெக்ஸாண்ட்ரா, நிலக்கரி என்றால் டண்டீ அல்லது நியூகாசில். ஆஸ்பத்திரி வேறு எல்லைக்குள் இருந்தால் இரண்டு இடத்திலும் பாருங்கள். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் எண்ணை வைத்தே தொடங்குங்கள். ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை. பிறகு முதலாளியின் பெயர், தோட்டப் பெயர், விபத்து, விசாரணை, மரணம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள். அட்டவணையில் கோப்பின் ஒருவரி விவரம்தான் கிடைக்கும், கோப்புப் பக்கங்களின் படம் கிடைக்காது. காப்பகக் குறியீடு, தொகுதி எண், கோப்பு எண், ஆண்டு நான்கையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் எடுத்துத் தருபவருக்குக் கோப்பு கிடைக்காது. பாதுகாவலர் கோப்புகளுக்கு ஐ.ஐ. (II), காலனிச் செயலருக்கு சி.எஸ்.ஓ. (CSO), அட்டர்னி ஜெனரலுக்கு ஏ.ஜி.ஓ. (AGO) என்பவை குறியீடுகள். மாஜிஸ்திரேட் கோப்பு அழிந்திருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் அதன் சாரமோ கடிதமோ மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. 1910 மே 31க்குப் பிறகு நாடு ஒன்றியமாகிவிட்டதால் மத்திய அரசுக் கோப்புகளை பிரிட்டோரியாவில் தேடுங்கள்.

கோப்பு கைக்கு வந்ததும் முடிவை முதலில் படிக்காதீர்கள், சாட்சிகளை முதலில் படியுங்கள். ஐரோப்பிய மேற்பார்வையாளர், சர்தார் (இந்தியக் கங்காணி), கூட வேலை செய்தவர்கள், மருத்துவர் ஆகியோரின் வாக்குமூலங்கள் இருக்கும். தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்க, அதை எழுத்தர் எழுத, சாட்சி பெருக்கல் குறி போட்டிருப்பார். முதலாளியிடம் ஒப்பந்தத்தில் கட்டுண்டவர் அதே முதலாளியின் ஆலையைப் பற்றிப் பேசிய சாட்சி அது என்பதை மறக்கக் கூடாது. "இறந்தவரின் கவனக்குறைவு" என்று முடிவு வந்திருந்தால், உருளைக்குத் தடுப்பு இருந்ததா, இயந்திரத்தை நிறுத்துகிற பிடி எட்டும் தூரத்தில் இருந்ததா, அது எத்தனையாவது மணி நேர வேலை என்று கேள்வி கேட்டார்களா என்பதைத் தேடிப் பாருங்கள். கேட்கப்படாத கேள்வியும் உங்கள் குடும்ப வரலாற்றில் பதிய வேண்டிய தகவல்தான். தொழிலாளி சாட்சிகளுக்கும் எண் போட்டிருந்தால் கப்பல் பட்டியலில் பொருத்துங்கள். ஒரே கப்பல்காரர், ஏன் ஒரே ஊர்க்காரர்கூடக் கிடைப்பார். உடலின் தழும்புகளை மருத்துவர் குறித்திருந்தால் பட்டியலின் அடையாளத்தோடு ஒப்பிடுங்கள். ஆள் இவர்தான் என்பதற்கு அதைவிட உறுதியான சான்று அரிது.

செய்தித்தாள்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 'நேட்டால் மெர்குரி', 'நேட்டால் விட்னஸ்' பத்திரிகைகள் வெள்ளைக்காரர் இறந்தால் பெயர் போடும். நம்மவர் இறந்தால் "ஒரு கூலி" என்பதோடு விட்டுவிடுவது வழக்கம். அதனால் பெயரை விட்டுவிட்டுத் தேதியையும் தோட்டத்தையும் வைத்துத் தேட வேண்டும். 1903 ஜூனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' காந்தி பாரம்பரிய இணையதளத்தில் படிக்கக் கிடைக்கிறது; தொடக்க ஆண்டுகளில் அதில் தமிழ்ப் பகுதியும் உண்டு.

கடைசியாக இந்தியப் பக்கம். இறந்தவரின் சம்பள பாக்கியும் உடைமைகளும் பாதுகாவலர் பொறுப்பில் வந்தன. ஊரில் இருந்த வாரிசுக்குச் சேர வேண்டிய பணம் பற்றிய கடிதங்கள் மதராஸ் அரசு வரை போயின. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்திலும் குடியேற்றப் பிரிவு நடவடிக்கைகளைப் பாருங்கள். கடிதம் போய்வர மாதங்கள் ஆகும். வாரிசைத் தேடவே வருடம் கடந்துவிடும். ஆகவே இறந்த ஆண்டோடு நிறுத்தாமல் அடுத்த மூன்று ஆண்டுகளின் அட்டவணைகளையும் கேட்டு வாங்குங்கள்.