கோடிப்புறத்தில் சவுனா: பெட்டியைப் பார்க்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா பக்கம் சில விடியற்காலைகளில் கொழுந்தின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்தக் குளிர் உடம்புக்குள் இறங்கிவிட்டால் சுடுநீர்க் குளியல் எந்த மூலைக்கு? அதனால்தான் நானுஓயாவில் வீட்டுக் கோடியில் ஒரு சவுனா, அதாவது உள்ளே உட்கார்ந்து வியர்க்கும் சூட்டறை, போட்டேன். முதல் மாதம் முழுக்க அது சரியாகச் சூடேறவே இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே இதை எழுதுகிறேன்.

1. எந்தச் சூடு?

கரண்ட் ஹீட்டர், விறகு அடுப்பு, இன்ஃப்ராரெட் என மூன்று வகை. முதல் இரண்டில் கல்லைச் சூடாக்கி அதன்மேல் தண்ணீர் ஊற்றலாம், அறை 70 முதல் 90 பாகை வரை போகும். இன்ஃப்ராரெட் 45 முதல் 60 வரைதான், அதில் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு ஆளுக்கான சிறிய இன்ஃப்ராரெட் பெட்டி சாதாரண 13 அம்பியர் பிளக்கிலேயே ஓடும், ஆனால் கல்லிலிருந்து ஆவி எழுந்து முகத்தில் அடிக்கும் சுகம் அதில் கிடையாது. என் ஓட்டு கல் வைத்த ஹீட்டருக்குத்தான்.

விறகு அடுப்பும் நல்லதுதான். கவ்வாத்து வெட்டிய மிலாறு (தேயிலைச் செடியின் குச்சிகள்) நன்றாகப் பற்றும், ஆனால் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். காய்ந்த கட்டை விறகும், அதை மழையும் மூடுபனியும் படாமல் அடுக்கி வைக்க ஒரு கொட்டகையும் இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2. மீட்டர்

வீட்டில் 30 அம்பியர் சிங்கிள் பேஸ் என்றால் மொத்தமாக இழுக்கக்கூடியது சுமார் 6.9 கிலோவாட். 6 கிலோவாட் ஹீட்டர் தனியாகவே 26 அம்பியர் எடுக்கும். அந்த நேரத்தில் கேத்தலையும் ஹீட்டர் ஷவரையும் போட்டால் வீடே இருட்டாகிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் த்ரீ பேஸ். ஹீட்டருக்குத் தனி வயர், தனி பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச் எல்லாம் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் கையால்தான் போட வேண்டும்.

3. அறையின் அளவு: நான் மாட்டிக்கொண்ட இடம்

ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் என்பதுதான் எல்லோரும் சொல்லும் கணக்கு. என் அறை 2 மீட்டர் நீளம், 1.5 அகலம், 2.1 உயரம், அதாவது 6.3 கன மீட்டர். 6 கிலோவாட் போதும் என்று நினைத்தேன். ஆனால் செலவைக் குறைக்க, குசினியின் செங்கல் சுவரையே சவுனாவின் ஒரு பக்கமாக வைத்துக் கட்டியிருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டும் முள் 55-ஐத் தாண்டவில்லை. குசினிப் பக்கம் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தால், உலையேற்றிய பானையின் பக்கம் மாதிரி வெதுவெதுப்பு. சூடெல்லாம் அந்தச் செங்கல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வெப்பக்காப்பு இல்லாத செங்கல், கொங்கிரீட், கண்ணாடி ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் அறையின் கணக்கில் 1.2 கன மீட்டர் கூட்ட வேண்டும். என் சுவர் 4.2 சதுர மீட்டர், அதற்கு மட்டும் 5 கன மீட்டர் கூடுகிறது. மொத்தம் 11-க்கு மேல், என் கரண்டுக்கு அது ஆகவே ஆகாது. பெரிய ஹீட்டர் வாங்காமல், சுவரில் சட்டம் அடித்து 50 மில்லிமீட்டர் ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் பாறை இழைப் பஞ்சு) வைத்து, அதன்மேல் அலுமினியத் தாளை இணைப்புகளில் டேப் ஒட்டி மூடி, சின்ன இடைவெளி விட்டுப் பலகை அடித்தோம். அதே ஹீட்டர் இப்போது முக்கால் மணி நேரத்தில் 80-ஐத் தொடுகிறது. முழுக் கண்ணாடி முகப்பு வைத்த பெட்டிகள் படத்தில் அழகாக இருக்கும், நம் ஊர்க் குளிருக்கு நான் அதை வாங்கமாட்டேன்.

4. பலகையும் கல்லும்

இங்கே மலிவாகக் கிடைப்பது பைனஸ் (பைன்) மரம். உட்காரும் இடத்தில் அது வேண்டாம். சூட்டில் கணுக்களிலிருந்து பிசின் கசிந்து தோலைச் சுடும். பாரமில்லாத, பிசினில்லாத மரமாகப் பாருங்கள். மலைவேம்பு கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே வார்னிஷ் பூசவே கூடாது, ஆணித் தலைகளும் வெளியே தெரியக் கூடாது.

ஆற்றுக் கல்லை அள்ளி வந்து ஹீட்டரில் அடுக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். சவுனாவுக்கென்றே விற்கும் கல்லை வாங்குங்கள்.

மேல் பலகைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஹீட்டருக்குக் கீழே காற்று வரவும், எதிர்ச் சுவரில் வெளியேறவும் துளை கட்டாயம்.

பிற்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒருவர், உள்ளே பூஞ்சணம் பிடிக்கிறது என்று எழுதியிருந்தார். குளித்து முடித்ததும் கதவை மூடிவிடுகிறாராம். ஹீட்டரை இன்னும் 15 நிமிடம் ஓடவிட்டு, அணைத்த பிறகு கதவையும் துளைகளையும் திறந்து வையுங்கள். மழைக் காலத்தில் பாவிக்காவிட்டாலும் வாரம் ஒரு தடவை சூடேற்றிக் காயவிடுங்கள். இன்னொருவர் இதய நோயுள்ள தன் அப்பாவை உள்ளே விடலாமா என்று கேட்டார். டாக்டரிடம் கேட்காமல் விடாதீர்கள் தம்பி. புதிதாகத் தொடங்குபவர்களும் கீழ்ப் பலகையில் 10 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.