ஸ்டார்ட் ஆகாத ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கி: பொத்தானை மறுபடி அழுத்துவதற்கு முன்

நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கி ஸ்டார்ட் ஆக மறுத்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்: நனைந்த ஸ்பார்க் பிளக், அடைபட்ட எரிபொருள் வடிகட்டி, பச்சை பூத்த எர்த் இணைப்பு போன்ற ஏதாவது ஒன்று. அந்தச் சிறு பழுதைப் பெருஞ்செலவாக மாற்றுவது, அதன்பின் ஸ்டார்ட் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும் கட்டைவிரல்தான். கவாசாகி நிறுவனம் 1973-இல் விற்கத் தொடங்கிய வகையிலிருந்து, 2020 வரை டூ-ஸ்ட்ரோக்காகவே வந்த யமஹா சூப்பர்ஜெட் வரையிலான கார்புரேட்டர் இன்ஜின்களை மனத்தில் கொண்டே இங்கு எழுதுகிறேன்; பின்னர் வந்த ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளைச் சோதிக்கும் முறை வேறு.

மேல்மூடியைக் கழற்றாமலேயே ஸ்டார்ட் செய்து பார்ப்பது முதல் தவறு. மூடிய இன்ஜின் அறையில் பெட்ரோல் ஆவி தங்கும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தேங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்து சில நிமிடங்கள் காற்றாட விட்டுவிட்டு, அந்த நேரத்தில், ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் மணிக்கட்டுக் கயிற்றின் கிளிப் சுவிட்சில் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா, எரிபொருள் வழியைத் திறந்து மூடும் குமிழ் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வெட்கப்பட வைக்கும் காரணங்கள்தாம். ஆனாலும் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட இப்போதே கண்டுபிடிப்பது நல்லது.

மிக அதிகச் சேதம் விளைவிப்பது தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சுற்றவைப்பதாகும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் முதலில் சிலிண்டருக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் (சுழல்தண்டு இருக்கும் அறை) நுழைந்து, அங்கிருந்து மேலேறியே சிலிண்டரை அடைகின்றன; ஆகவே வண்டி கவிழும்போது உறிஞ்சப்பட்ட தண்ணீரும் அதே கிராங்க் அறையில் போய்த் தங்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் அதன்மேல் மோதும்போது அதைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையக்கூடும். பொத்தானை அழுத்தியதும் ஒரே ஒரு 'டக்' ஒலியோடு இன்ஜின் நின்றுவிட்டால், பேட்டரி இறங்கிவிட்டது என்று முடிவுகட்டி வேறொரு பேட்டரியை இணைப்பதுதான் அங்கே செய்யக்கூடாத காரியம். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, எரிபொருள் குமிழை மூடி, பிளக் துளைகள் கீழ்நோக்கும்படி வண்டியைச் சாய்த்துச் சிறிது சிறிதாகச் சுற்றவைத்தால் தண்ணீர் பீறிட்டு வெளியேறும். முகத்தை அந்த நேர்க்கோட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பக்கமாகச் சாய்க்க வேண்டும் என்பது வண்டியின் பின்புற ஸ்டிக்கரில் குறிக்கப்பட்டிருக்கும்; எதிர்ப்பக்கம் சாய்த்தால் புகைப்போக்கிப் பெட்டியிலிருக்கும் தண்ணீரும் இன்ஜினுக்குள் வந்து சேரும்.

கவிழாமலேயே தண்ணீர் புகுந்திருந்தால், தவறு கரையில் நடந்திருக்கலாம். தோட்டக் குழாயை இணைத்துக் கழுவும்போது இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது தண்ணீரை முதலில் மூடிவிட்டு, பிறகே இன்ஜினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால், வெளியே தள்ளும் புகையின் அழுத்தம் இல்லாததால் குளிர்விக்கும் தண்ணீர் புகைப்போக்கி வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். நின்றுபோன வண்டியை வேறொரு படகால் வேகமாக இழுத்து வரும்போதும் இதுவே நடக்கும். குளிர்நீர்க் குழாயை ஒரு கவ்வியால் நெரித்துக்கொண்டு, மெதுவாக இழுப்பதே சரி.

தீப்பொறியைச் சோதிப்பதில் இரண்டு தவறுகள் பரவலாக நடக்கின்றன. பிளக் மூடிகளை எங்கும் தொடாமல் தொங்கவிட்டு இன்ஜினைச் சுற்றவைத்தால், பாய வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலையோ, தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான சிடிஐ-யையோ கெடுத்துவிடலாம். பிளக்கின் உலோகப் பகுதி இன்ஜினின் உலோகத்தை உறுதியாகத் தொட வேண்டும். அந்தப் பொறி, எரிபொருள் பீறிடும் துளையருகே விழுந்தால் தீப்பிடிக்கும்; ஆகவே தண்ணீரை வெளியேற்றும் வேலையையும் பொறிச் சோதனையையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடாது. புதிய பிளக் வாங்கும்போது எண்ணை முழுதாகப் பாருங்கள். என்ஜிகே பிஆர்8ஹெச்எஸ், பிஆர்8இஎஸ் ஆகிய இரண்டும் ஒரே வெப்ப எண் கொண்டவை; ஆனால் முன்னதன் மரை நீளம் 12.7 மி.மீ., பின்னதன் மரை நீளம் 19 மி.மீ. குட்டையான பிளக் இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதை மாட்டினால் பிஸ்டன் அதில் இடிக்கலாம்.

பொறி இருந்தும் பிளக் காய்ந்தே இருந்தால் எரிபொருள் வரவில்லை என்று பொருள். இங்கே ஈதர் தெளிப்பானை எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து: இந்த இன்ஜினுக்கு மசகு எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருகிறது, ஈதரோ அந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். 50:1 கலவையில் ஓடும் வண்டியானால், லிட்டருக்கு 20 மி.லி. எண்ணெய் கலந்த அதே பெட்ரோலில் ஒரு சிறு கரண்டியளவு ஊற்றிப் பார்ப்பது பாதுகாப்பானது. அதில் ஓரிரு நொடிகள் ஓடி நின்றால், கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பை எரிபொருள் பம்புக்குக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டரைக் குறைசொல்லிப் பிரிப்பவர்களில் பலர் இந்தக் குழாயைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

ஸ்டார்ட்டரை ஒரு முறைக்கு 5 நொடிக்கு மேல் இயக்காமல், இடையே 15 நொடியாவது ஆறவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து கம்பி இழுத்து ஸ்டார்ட் செய்வதும், ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் ரிலேயின் இரு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைப்பதும் வேண்டாம். முதலாவது மின்னணுப் பாகங்களைக் கெடுக்கக்கூடும், இரண்டாவது பெட்ரோல் ஆவி நிறைந்த அறைக்குள் வேண்டுமென்றே பொறி எழுப்புவதாகும். சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அழுத்தமானியை வைத்துப் பார்க்கும்போது த்ராட்டிலை முழுவதும் திறந்து வையுங்கள். பாதி மூடிய த்ராட்டிலோடு எடுத்த குறைந்த அளவை நம்பி நல்ல பிஸ்டன்களை மாற்றியவர்கள் உண்டு. இரு சிலிண்டர்களுக்கும் இடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு தெரிந்தால்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

தண்ணீர் குடித்த இன்ஜின் ஒருவழியாக ஓடத் தொடங்கியதும், நிம்மதியடைந்து அப்படியே நிறுத்திவைப்பது கடைசித் தவறு. கிராங்க் பேரிங்குகளில் மிஞ்சியிருக்கும் ஈரம், அதிலும் உப்புநீராக இருந்தால், ஒரே இரவில் துருவேற்றத் தொடங்கும். அன்றைக்கே வண்டியை நீரில் இறக்கிப் பத்து நிமிடமாவது சுமையோடு ஓட்ட வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் பிளக் துளைகள் வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் பாதுகாப்பு எண்ணெயைத் தெளித்து, இன்ஜினைச் சில சுற்றுகள் சுற்றவைத்த பிறகே மூடியைப் பூட்ட வேண்டும்.