ஓநாய்ச் சிலந்திக்கு யார் பங்காளி? ஊருணிக் கரையில் ஒரு பாடம்

முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அப்பத்தா துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கத்தினார்: "எட்டுக்கால் பூச்சி பொடிப்பொடியாச் செதறுதுடா!" ஆத்தங்குடிக் கல்லில் சிதறியவை குஞ்சுகள். தாயின் முதுகில் சவாரி வந்தவை. குஞ்சை இப்படிச் சுமப்பதுதான் ஓநாய்ச் சிலந்தி. உலகில் 2,400 இனங்களுக்கு மேல் இருக்கின்றன.

முதலில் தேடல். இருட்டியதும் ஊருணிக் கரைக்குப் போங்கள். டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்தால் புல்லுக்குள் பனித்துளிபோலக் கண்கள் மினுங்கும். இடுப்பளவில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. அதன் கண்ணுக்குள் இருக்கும் படலம் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. ஷூ போட்டுக்கொள்ளுங்கள், கரையில் பாம்பு உண்டு.

அடுத்து, முகத்தைப் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். கீழ் வரிசையில் சின்னக் கண் 4, நடுவில் பெரிய கண் 2, மேலே பின்தள்ளி 2. செடியில் உட்காரும் பச்சை லிங்க்ஸ் சிலந்திக்குக் கண்கள் அறுகோணமாக அமைந்திருக்கும், அது வேறு குடும்பம். முட்டைப்பையையும் பாருங்கள். பின்பக்கம் நூல் வரும் இடத்தில் ஒட்டி இழுத்துப்போனால் ஓநாய். தாடையில் கவ்விப்போனால் பைசாரிடே என்ற பக்கத்துக் குடும்பம்.

நான் சறுக்கியது இதற்கப்புறம். விடியலில் புல்மேல் புனல்போல ஒரு வலை, வாயிலில் ஒரு சிலந்தி. ஓநாய் வலை கட்டாது என்று படித்திருந்ததால் அதை ஒதுக்கிவிட்டேன். பெயர் ஹிப்பாசா. கண் 4-2-2, முட்டைப்பை பின்னால். வலை கட்டினாலும் ஓநாய்தான்!

சரி, உறவு மரம். நோட்டில் கட்டம் போட்டு பச்சை, பைசாரிடே, ஹிப்பாசா, தரையில் ஓடும் இன்னொரு ஓநாயான பர்டோசா என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பண்பு உண்டு என்று குறியுங்கள். எட்டுக்கால் எல்லோருக்கும் உண்டு, அதனால் பயனில்லை. வலையின்மையை நம்பினால் பச்சையும் பர்டோசாவும் ஒட்டிக்கொள்ளும், ஹிப்பாசா வெளியே நிற்கும். முகப்பு ஒன்றுபோல இருந்தால் இரண்டு வீடும் பங்காளியா? பங்காளி முறையைக் கோயிலை வைத்துப் பார்க்கும் நகரத்தாரிடம், 9 கோயிலில் எந்தக் கோயில் என்றுதானே கேட்போம். இங்கே கோயில் என்பது ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றிப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த பண்பு. பின்னால் கட்டிய முட்டைப்பை, முதுகில் குஞ்சு: இரண்டும் ஹிப்பாசாவையும் பர்டோசாவையும் ஒரே கிளையில் வைக்கின்றன. பச்சையை, ஒப்பிட்டுப் பார்க்க உதவும் தூரத்து உறவான வெளிக்கிளையாக அடியில் வரையுங்கள்.

இனம் வரை போக ஆணின் முகத்தருகே உள்ள குட்டிக்கையையும் பெண்ணின் இனப்பெருக்க உறுப்பையும் நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும், டிஎன்ஏவும் உதவும். படத்தை மட்டும் வைத்து இனப்பெயர் எழுதாதீர்கள், ஹிப்பாசா, பர்டோசா என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். குஞ்சு சுமக்கும் தாயைப் பாட்டிலில் அடைக்கவேண்டாம்.