ட்ரம்பெட்டில் கணீர் நாதம்: புதியவர்களுக்கான செய்முறை

ட்ரம்பெட் ஊதப் பழகுகிறவர்களுக்குச் சத்தம் சீக்கிரம் வந்துவிடும், நாதம்தான் வராது. இன்னும் பலமாக ஊதினால் சரியாகும் என்று நினைப்பார்கள், ஆகாது.

பி-பிளாட் ட்ரம்பெட்டின் குழாய் சுமார் 1.48 மீட்டர் நீளம். அதிலுள்ள காற்று குறிப்பிட்ட சில சுருதிகளில்தான் நன்றாக அதிரும். உதடும் அதே சுருதியில் அதிர்ந்தால், குழாயின் விரிந்த வாயான பெல் பக்கமிருந்து திரும்பிவரும் அலை உதட்டை உந்திவிடும். கொஞ்சம் விலகினாலும் இரண்டுக்கும் இழுபறி, ஒலி மங்கிவிடும்.

1. முதலில் கசிவைப் பாருங்கள். இரண்டாம் வால்வை (விரலால் அமுக்கும் பொத்தான்) அமுக்காமல் அதன் ஸ்லைடை (இழுத்து நகர்த்தக்கூடிய குழாய்) கொஞ்சம் வெளியே இழுத்து, மூன்று விநாடி கழித்து வால்வை அமுக்குங்கள். 'டப்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வால்வுக்கு எண்ணெயும் ஸ்லைடுக்கு கிரீஸும் போட்டு மறுபடி பாருங்கள். தண்ணீர் வடிக்கும் துளையின் கார்க்கை விரலால் அழுத்திக்கொண்டும் ஊதுங்கள். ஒலி தேறினால் கார்க்கை மாற்ற வேண்டும். உதடு வைத்து ஊதும் மவுத்பீஸுக்கு அடுத்த குழாயான லீட்பைப்பில் அழுக்கு சேர்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், மேல்பூச்சு உரியும்.

2. சுருதி சேர்க்கும் பெரிய ஸ்லைடான ட்யூனிங் ஸ்லைடை முழுதாகக் கழற்றிவிட்டு லீட்பைப்பில் மட்டும் ஊதுங்கள். சுருதியை அளந்து காட்டும் ட்யூனரில் ஈ-பிளாட், அதாவது 311 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். உதட்டால் தேடாதீர்கள், மூச்சை விட்டால் குழாயே அந்தச் சுருதிக்கு இழுத்துக்கொள்ளும்.

3. முக்கியமான பயிற்சி இதுதான். ஸ்லைடை மாட்டி, வால்வு எதையும் அமுக்காமல் நடு ஜி ஊதுங்கள். பி-பிளாட் ட்ரம்பெட்டில் ஜி என்று எழுதும் சுரம் ஒரு முழுச்சுரம் கீழே எஃப் ஆக ஒலிக்கும். அதனால் ட்யூனரில் எஃப் என்று காட்டும், 349 ஹெர்ட்ஸ். மூச்சின் அளவை மாற்றாமல் உதட்டால் சுருதியை மெல்லக் கீழே வளைத்து, மெல்ல மேலே கொண்டுவாருங்கள். போகிற வழியில் ஓரிடத்தில் ஒலி தானாகப் பெருத்து, உதட்டுக்குப் பாரம் குறையும். அங்கே நிறுத்தி நான்கு எண்ணிக்கை பிடியுங்கள். பெரும்பாலானோர் அந்த இடத்துக்குச் சற்று மேலேயே ஊதிப் பழகியிருப்பார்கள். ஒலி ஒடுங்கி, கூர்மையாக இருக்கக் காரணம் அதுவே. இது கைவருமுன் விலையுயர்ந்த மவுத்பீஸ் வாங்குவது வீண்செலவு.

4. அந்த இடத்தில் நின்றபடி ட்யூனரைப் பாருங்கள். சுருதி ஏறியிருந்தால் ட்யூனிங் ஸ்லைடை வெளியே இழுங்கள், 1 செ.மீ. இழுத்தால் ஏறக்குறைய 23 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். இறங்கியிருந்தால் உள்ளே தள்ளுங்கள். உதட்டால் சரிசெய்யப் போனால் கண்டுபிடித்த இடம் கைநழுவிவிடும்.

கீழ்ச் சுரங்கள் நன்றாக இருந்து மேலே போகப்போக மங்குகிறதா? மவுத்பீஸை உதட்டில் அழுத்துகிறீர்கள். இடக்கைப் பிடியைத் தளர்த்தி, பற்களுக்கிடையே சற்று இடம்விட்டு, மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள்.